விரைவு மாற்றுவழிப் பாதுகாப்பு

விரைவு மாற்றுவழிப் பாதுகாப்பு என்பது, எம்.பி.எல்.எஸ். எனப்படும் சிட்டைவழி வலையமைப்பில் ஓர் இணைப்போ திசைவியோ பழுதடையும்போது, முன்பே அமைத்து வைத்த மாற்றுப்பாதைக்குத் தரவை உடனே திருப்பும் முறையாகும். ஆர்.எஸ்.வி.பி.-டி.இ. நெறிமுறைக்கான இவ்விரிவாக்கம் 2005ஆம் ஆண்டு ஆர்.எஃப்.சி. 4090 ஆவணமாக வெளியானது. சுமார் 50 மில்லி நொடிக்குள் திருப்புவதே இதன் வழக்கமான இலக்கு.

செயல்படும் விதம்

இவ்வலையமைப்பில் தரவுப் பொதிகள், தம்மீது இடப்பட்ட சிட்டையைக் கொண்டு, முன்னரே வகுத்த பாதையில் செல்கின்றன. பழுது ஏற்பட்டால் பாதையின் தொடக்கத் திசைவிக்குச் செய்தி போய், புதிய பாதை கணித்து அமைக்கச் சில நொடிகள்கூட ஆகலாம். அதுவரை தொலைபேசி உரையாடல் துண்டுபடும். விரைவு மாற்றுவழியில், பழுதுக்கு முந்தைய திசைவியே பொதியின் மேல் இன்னொரு சிட்டையை ஏற்றிப் புறவழியில் அனுப்புகிறது. பழுதைத் தாண்டியதும் பொதி பழைய பாதையில் சேர்கிறது. தொடக்கத் திசைவி பின்னர் நிதானமாகப் புதிய பாதையை அமைக்கும்.

எடுத்துக்காட்டு

ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, தென்காசி ஆகிய ஊர்கள் தேசிய நெடுஞ்சாலை 744இல் வரிசையாக உள்ளன. சங்கரன்கோவில் இச்சாலைக்குக் கிழக்கே உள்ளது. இவ்வூர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு திசைவி இருப்பதாகவும், ராஜபாளையம்–சங்கரன்கோவில்–புளியங்குடி என இன்னொரு வழி இருப்பதாகவும் கொள்வோம்.

ராஜபாளையம்–சிவகிரி இணைப்பை மட்டும் காக்கும் புறவழி சிவகிரியில்தான் முடிய வேண்டும். தென்காசிக்குரிய பொதி சங்கரன்கோவில், புளியங்குடி வழியாகச் சிவகிரிக்கு வந்து, மீண்டும் புளியங்குடிக்கே திரும்பும். சிவகிரித் திசைவியே செயலிழந்தால் இது பயன்படாது. புறவழி புளியங்குடியில் முடிந்தால் இரு குறைகளும் நீங்கும். ஆனால் சிவகிரியிலேயே முடியும் பாதைகளுக்கு முதல் வகைப் புறவழியும் தேவை.

கொள்ளளவு

சங்கரன்கோவில் வழியின் திறன் 10 ஜிகாபிட். அதில் ஏற்கெனவே 4 ஜிகாபிட் செல்கிறது எனலாம். சிவகிரி வழியின் 7 ஜிகாபிட்டும் அதில் திரும்பினால் 11 ஆகி, பழுதடையாத வழியும் நெரிசலுக்குள்ளாகும். எனவே எந்தத் தரவுக்கு முன்னுரிமை என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். வெவ்வேறு இணைப்புகளைக் காக்கும் புறவழிகள் ஒரே கொள்ளளவைப் பகிரலாம். இரண்டும் ஒரே நேரத்தில் பழுதடையாது என்ற எண்ணமே இதற்கு அடிப்படை.

பொது இடர்

அந்த எண்ணம் எப்போதும் சரியாக இருப்பதில்லை. வரைபடத்தில் தனித்தனியாகத் தெரியும் இரு கண்ணாடி இழை வடங்கள், ராஜபாளையத்தைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒரே பள்ளத்தில் புதைக்கப்பட்டிருந்தால், சாலைப் பணிக்காகத் தோண்டும் ஒரே இயந்திரம் இரண்டையும் அறுத்துவிடும். பாதையும் புறவழியும் ஒன்றாகவே போய்விடும். பள்ளம் எங்கே உள்ளது என்பது திசைவிக்குத் தானாகத் தெரியாது. ஒரே பள்ளம், ஒரே பாலம், ஒரே மின்வழங்கல் ஆகியவற்றைப் பகிரும் இணைப்புகளைப் பொது இடர்த் தொகுதியாகப் பொறியாளர்களே பதிய வேண்டும். அதன்பின், புறவழியைக் கணிக்கும்போது அத்தொகுதியைத் தவிர்க்குமாறு திசைவிக்குக் கட்டளையிடலாம். வடம் இடம் மாறும்போதெல்லாம் இப்பதிவையும் திருத்தினால்தான் பாதுகாப்பு உண்மையில் நிலைக்கும்.