நோகாத கண்ணும் பழுதாகும்

பல் நொந்தால் அன்றிரவே உறக்கம் போய்விடுகிறது. மறுநாட் காலையில் வைத்தியரைத் தேடி ஓடுகிறார்கள். கண் அப்படியல்ல. நீரிழிவினால் விழித்திரையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைந்து கசியத் தொடங்கி ஆண்டுக்கணக்காகலாம். அவ்வளவு காலமும் நோவு இராது, சிவப்பு இராது, பத்திரிகை வாசிப்பதிலும் தடை இராது. பார்வை மங்குகிறது என்று ஒருவர் உணரும் வேளையில் பழுது வெகுதூரம் சென்றிருக்கும். ஆகவே கண்ணைப் பேணும் பழக்கங்களைப் பற்றிப் பேசப் புகுவோர் கரட்டில் தொடங்காமல் சீனியில் தொடங்குவதே முறை.

பிரித்தானியாவில் வாழும் தெற்காசிய மக்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏனையோரைக் காட்டிலும் இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். தமிழ்க் குடும்பங்களில் இது வேண்டிய மட்டும் தெரிந்த சங்கதிதான். "சீனி கொஞ்சம் இருக்குது" என்று சிரித்துக்கொண்டே சொல்லாத வீடு குறைவு. ஊரிலே தோட்டத்துக்கும் சந்தைக்கும் நடந்த கால்கள் இங்கே குளிரைச் சாட்டி வீட்டிலே இருக்கின்றன; சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. கோயிலிலும் இதே கதைதான். சர்க்கரைப் பொங்கலும் மோதகமும் பஞ்சாமிர்தமும் கைநிறையக் கொடுக்கப்படுகின்றன. வேண்டாமென்றால் குற்றமாகிவிடுமோ என்ற அச்சத்தில் சலரோகக்காரரும் வாங்கி முழுவதையும் உண்கிறார்கள். விரல் நுனியளவு எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயிலிட்டாலும் அது பிரசாதந்தான். பரிமாறுகிற அன்பர்களும் வற்புறுத்தாதிருந்தால் நன்று. சீனியோடு இரத்த அழுத்தத்தையும் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரின் விழித்திரை நெடுநாள் பிழைக்கும். புகைபிடிப்பவர் அதை நிறுத்துவது கண்ணுக்குச் செய்யும் பேருதவி; கண்புரைக்கும், முதுமையில் நடுப்பார்வை கெடுவதற்கும் புகை ஒரு காரணம்.

இங்கிலாந்தில் 12 வயதும் அதற்கு மேலும் உள்ள நீரிழிவுக்காரர் அனைவரையும் என்.எச்.எஸ். விழித்திரைப் பரிசோதனைக்கு இலவசமாக அழைக்கிறது. கண்மணி விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் படம் பிடிப்பார்கள். நோவில்லை. சில மணி நேரம் பார்வை கலங்கியிருக்கும், வெளிச்சம் கூசும். ஆதலால் அன்று கார் ஓட்டக்கூடாது, ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கொண்டுபோவது நல்லது. ஆறு வாரமளவில் முடிவு கடிதமாக வரும். அடுத்தடுத்து இரு முறை பழுதில்லை என்று கண்டால் பின்னர் இரண்டாண்டுக்கு ஒரு முறை போதும். ஏனையோர் ஆண்டுதோறும் போகவேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? அழைப்புக் கடிதம் ஆங்கிலத்தில் வருகிறது. மகன் வேலையால் வந்து பார்க்கட்டும் என்று சுவாமிப் படத்தின் பின்னால் செருகப்படுகிறது. மகனோ வார இறுதியில்தான் வருகிறான். திகதி கடந்துவிடுகிறது. இப்படிப் போனவை பல கண்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டிச் சொன்னால் ஒழுங்கு செய்வார்கள். வீட்டிலுள்ள இளையவர்கள் அப்பா அம்மாவின் திகதியைத் தங்கள் கைத்தொலைபேசியில் குறித்து வைப்பது பெரிய வேலையல்ல. லேசர்ச் சிகிச்சையும் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்தும் மேலும் கெடாமல் காப்பதில் வல்லவை. போன பார்வையை முழுவதும் மீட்டுத் தருமென்று எதிர்பார்க்க முடியாது.

கண்ணாடிக் கடையிற் செய்யும் பரிசோதனை வேறு, இது வேறு. ஒன்றுக்குப் போனவர் மற்றதைத் தவிர்க்கலாகாது. கடைப் பரிசோதனையும் 60 வயதானோருக்கும் நீரிழிவுக்காரருக்கும் இலவசம். தாய், தந்தை, உடன்பிறந்தார், பிள்ளை ஆகியோரில் எவருக்கேனும் குளோக்கோமா என்னும் கண் நோய் இருந்தால் 40 வயதிலிருந்தே இலவசம். இந்நோயும் சத்தமில்லாத கள்வன். பெரும்பாலும் ஓரப்பார்வையை முதலில் அரித்துக்கொண்டு வரும். போனது திரும்பாது. தினமும் சொட்டு மருந்து விட்டால் எஞ்சியதைக் காக்கலாம்.

அந்தச் சொட்டு மருந்தையும் ஒழுங்காக விடுவோர் சிலரே. ஒரு துளி போதும். விட்டதும் கண்ணை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய மூலையை ஒரு நிமிடம் விரலால் அழுத்தியிருந்தால் மருந்து தொண்டைக்கு ஓடாது. இரண்டு மருந்தானால் இடையில் ஐந்து நிமிடம் விடவேண்டும். திறந்த குப்பியை வழக்கமாக 28 நாளில் எறிந்துவிட வேண்டும். பாதி மிச்சமிருக்கிறதே என்று மனம் கேட்காதுதான்.

கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருவோரிடம் சொல்லி எடுப்பிக்கும் சொட்டு மருந்துகள் தனி ஆபத்து. கண் சிவந்தால் உடனே தெளியவைக்கும் சில மருந்துகளில் ஸ்டீரொய்ட் உண்டு. வைத்தியர் கண்காணிப்பின்றி மாதக்கணக்கில் விட்டால் அதுவே கண் அழுத்தத்தை ஏற்றும், கண்புரையையும் கொண்டுவரும். குழந்தையின் கண்ணில் முலைப்பால் விடுவதும் வேண்டாத வேலை. பாட்டிமார் கோபித்தாலும், கடையில் வாங்கும் மையைக் குழந்தையின் கண்ணில் தீட்டக்கூடாது. சிலவகை மைகளிலும் சுருமாவிலும் ஈயம் கலந்திருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது.

உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பொன்னாங்காணியும் முருங்கையிலையும் கரட்டும் நல்லவை. ஆனால் போதிய உணவு உண்பவருக்கு அவை கண்ணாடியைக் கழற்றித் தரமாட்டா. கரட்டின் புகழுக்கு இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானியப் பிரசாரமும் ஒரு காரணம். இரவில் எதிரி விமானங்களை வீழ்த்திய விமானிகள் கரட் உண்டவர்கள் என்று பரப்பினார்கள். உண்மையில் அவர்களுக்கு வழிகாட்டியது ராடார்.

பிள்ளைகளின் காரியம் வேறு. வெளி வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வைக் குறை வருவது குறைவு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நாளுக்கு இரண்டு மணி நேரம் என்பது கணக்கு. டியூஷனும் பாட்டும் மிருதங்கமும் நிறைந்த சனிக்கிழமையில் பூங்காவுக்கும் இடம் வேண்டும். திரையைப் பார்த்திருப்போர் இமைக்க மறக்கிறார்கள். கண் எரிவு அதனால்தான். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடிக்கு அப்பால் 20 வினாடி பார்த்து இமைத்தால் ஆறும்.

ஒன்றுக்கு மட்டும் தவணை கிடையாது. திடீரென்று கண்முன் கறுப்புப் புள்ளிகள் கூட்டமாய் மிதந்தாலோ, மின்னல் போல ஒளி வெட்டினாலோ, ஓரத்தில் திரைச்சீலை விழுந்தது போல மறைத்தாலோ விழித்திரை கழன்றுகொண்டிருக்கக்கூடும். பூசை முடியட்டும், திங்கட்கிழமை ஜீ.பி.க்கு அடிப்போம் என்றிராமல் அன்றைக்கே கண் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாவிட்டால் 111 இலக்கத்துக்கு அழைத்தால் சொல்வார்கள்.