அடமானத்தில் வைத்த பிள்ளைகளும் ரிஷிவேலி அட்டைகளும்

சித்தூர், திருப்பதித் தமிழர்களுக்கு வேலூர் அந்நிய ஊர் அல்ல. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகும்வரை வட ஆர்க்காடு மாவட்டத்துக்குத் தலைநகரே சித்தூர்தான். இன்றும் நம்மவர் பலருக்குப் பெண் எடுப்பதும் கொடுப்பதும் குடியாத்தம், காட்பாடி, திருத்தணிப் பக்கம்தான். வீட்டு வேலைக்கு ஒரு சின்னப் பெண் வேண்டுமென்றாலும் அந்தப் பக்கம்தான் சொல்லி அனுப்புவார்கள். ஆகவே குழந்தைத் தொழிலாளர் பிரச்சினையை எங்கோ சிவகாசியில் நடப்பது என்று நாம் தள்ளிவிட முடியாது.

வேலூர்ப் பகுதியில் அது பீடித் தொழிலில் வேரூன்றி இருந்தது. கல்யாணச் செலவு, வைத்தியச் செலவு என்று தகப்பன் பீடி ஏஜெண்டிடம் அட்வான்ஸ் வாங்குவார். ஈடாக நகையோ நிலமோ கிடையாது, பிள்ளைதான் ஈடு. சிறிசுகள் பீடியின் முனையை மடிக்கும், கை பழகினதும் சுருட்டும். காலையிலிருந்து இருட்டும்வரை குனிந்து உட்கார்ந்து செய்கிற வேலை. இதில் கொடுமை எங்கே என்றால், கூலி கடனில் கழியாது. அசலை மொத்தமாகத் திருப்பினால்தான் பிள்ளை வீடு திரும்பும். அப்படி மொத்தமாகத் திருப்ப முடிகிறவன் முதலிலேயே அடகு வைத்திருப்பானா?

சட்டம் இல்லாமல் இல்லை. பிள்ளைகளின் உழைப்பை அடகு வைப்பது செல்லாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1933-இல், சட்டம் வந்தது. மீறினால் பெற்றோருக்கு 50 ரூபாய், முதலாளிக்கு 200 ரூபாய் வரை அபராதம், அவ்வளவே! கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. அதன்படி கொத்தடிமைக் கடன் அடியோடு ரத்து, பைசா திருப்ப வேண்டியதில்லை. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் பீடி சுற்றுவதில் குழந்தைகளை அமர்த்தத் தடை விதித்தது, ஆனால் சொந்தக் குடும்பத்தோடு செய்தால் தடையில்லை என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தது. வீட்டுத் திண்ணையிலேயே நடக்கிற தொழிலுக்கு இந்த ஒரு வாசல் போதாதா?

1990-களின் நடுப்பகுதியில் அங்கே மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையிலெடுத்துப் பிள்ளைகளை மீட்டார். மீட்டபிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. பத்து வயதுப் பிள்ளைக்கு 'அ' தெரியாது. ஒண்ணாம் வகுப்பில் ஐந்து வயதுக் குழந்தைகளோடு உட்கார வெட்கம், வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார்ந்தால் ஒன்றும் புரியாது. இரண்டு வாரத்தில் ஓடிப்போகும். ஓடிப்போனால் மறுபடி பீடித் தட்டுதான்.

அப்போது கைகொடுத்தது நம்ம பக்கம்தான். மதனப்பள்ளி அருகே, அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ரிஷிவேலியில், பத்மநாப ராவ் - ராமா தம்பதியர் கிராமப் பள்ளிகளுக்காக ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். பல வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் என்ற நிலைமைக்காகச் செய்தது அது. பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படி போல் வரிசைப்படுத்தினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறும். நாலு நாள் வராவிட்டால், விட்ட படியிலிருந்து தொடரும். 'நீ பின்தங்கிட்டே' என்று யாரும் சொல்ல வழியில்லை. மீட்ட பிள்ளைகளுக்கென்று வேலூரில் தொடங்கிய பள்ளிகளுக்கு இது அளவெடுத்துத் தைத்த மாதிரி அமைந்தது.

விஜயகுமார் பிறகு சென்னை மாநகராட்சி ஆணையரானபோது, 2003-இல், 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இதைத் தொடங்கினார். 2007-இல் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் தமிழ்நாட்டு அரசு தொடக்கப் பள்ளிகள் முழுவதும் பரவியது. கொத்தடிமைப் பிள்ளைகளுக்காக ஆந்திரத்திலிருந்து கொண்டுபோன அட்டை, பின்னால் லட்சக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகளின் கைக்கு வந்தது என்பதைப் பலர் அறியார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2006 அக்டோபர் 10 முதல் வீட்டு வேலையிலும், டீக்கடை, ஓட்டல்களிலும் 14 வயதுக்குட்பட்டோரை அமர்த்தத் தடை. திருப்பதி போன்ற யாத்திரை ஊரில் இது எத்தனை பேரைத் தொடும் என்று சொல்லத் தேவையில்லை. 2016 திருத்தத்துக்குப் பின் 14 வயதுக்குட்பட்டோருக்கு எல்லா வேலையும் தடை. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதும், கலைஞராக நடிப்பதுமே விலக்கு. அமர்த்துபவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 14 முதல் 18 வரை உள்ளவர்களைச் சுரங்கம், வெடிமருந்து போன்ற ஆபத்தான வேலைகளில் வைக்கக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு நல்ல மனிதர் வீட்டில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். "நம்ம பொண்ணு மாதிரிதான் சார் வச்சிருக்கோம். சம்பளத்தைக்கூட கையில குடுக்கறதில்லே, அவ கல்யாணத்துக்குன்னு சேர்த்து வைக்கிறோம்" என்றார். அவருடைய சொந்தப் பெண் அப்போது டியூஷனுக்குப் போயிருந்தாள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 79-ஆம் பிரிவை அவருக்கு எடுத்துச் சொன்னேன். 18 வயது நிரம்பாதவரை வேலைக்கு வைத்து, அவர் சம்பாத்தியத்தைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்தால் ஐந்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம். அவர் முகம் மாறிவிட்டது. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போன அந்தப் பெண்ணின் தகப்பனார் குடியாத்தத்துக்காரர் என்பதை அன்றைக்குத்தான் சொன்னார்.