திருவிழாவில் நம் வீட்டுக் குழம்புக்கு இடம் உண்டா?

பரமக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கணவனும் மனைவியுமாகச் சென்னை உணவுத் திருவிழாவைப் பார்க்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவு ரயில் ஏறினால் காலையில் எழும்பூர். பகலெல்லாம் சுற்றிவிட்டு, மறுபடி இரவு ரயிலில் ஊர் திரும்பிவிடலாம்.

ஒவ்வொரு கடையிலும் ஓர் ஊர்ப் பெயர். பணத்தைக் கொடுத்துத் தட்டை வாங்குகிறார்கள். சமைத்தவர் யார், வாங்குபவர் என்ன சாதி என்று அங்கே எவரும் கேட்பதில்லை. ஊரில் கிடைக்காத அந்த நிம்மதிக்காகவே போய்வரலாம்.

ஊரில் நிலைமை என்ன? 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டி அரசுப் பள்ளியில், பட்டியலினப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தனர். கனிமொழி எம்.பி.யும் மாவட்ட ஆட்சியரும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது.

நகரத்துத் திருவிழாவில் சமைக்கும் கைக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் தட்டில் என்ன இருக்கலாம் என்பதில் வேறொரு தடை வருகிறது. "ஏங்க, நம்ம வீட்டு உப்புக்கண்டம் இங்க இருக்குமா?" என்று அந்த மனைவி கேட்டால், கணவன் என்ன பதில் சொல்வார்?

2022 மே 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. ஆம்பூரில் மாட்டிறைச்சி பிரியாணி தெருவுக்குத் தெரு விற்கிறது. ஆனாலும் அரசு விழாவில் அதற்கு இடமில்லை என்றார்கள். விடுதலைச் சிறுத்தைகள் உள்ளிட்ட அமைப்புகள், விழா நடக்கும் இடத்துக்கு வெளியே மாட்டிறைச்சி பிரியாணியை இலவசமாக வழங்குவோம் என்று அறிவித்தன. மழையைக் காரணம் காட்டி விழா ஒத்திவைக்கப்பட்டது. இதைப் பாகுபாடாக ஏன் கருதக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை தீவுத்திடலில் மூன்று நாள் உணவுத் திருவிழா நடந்தது. அங்கும் இதே கேள்வி எழுந்தது. தடை எதுவும் இல்லை, கடை வைக்க யாரும் கேட்கவில்லை என்று விளக்கம் தந்தார்கள். பிறகு மாட்டிறைச்சி பிரியாணிக்கும் கடை வந்தது. 2024 டிசம்பரில் மெரினாவில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் உணவுத் திருவிழா நடந்தபோது, மாட்டிறைச்சி எங்கே என்று நீலம் பண்பாட்டு மையம் கேட்டது. விற்கப்படுகிறது என்று அரசுத் தரப்பு பதில் சொன்னது. ஒவ்வொரு முறையும் யாராவது கேட்ட பிறகுதான் பதில் வருகிறது.

தலித் மக்கள் எல்லோரும் மாட்டிறைச்சி உண்பவர்கள் அல்லர். நம் மாவட்டத்திலேயே அதைத் தொடாத குடும்பங்கள் ஏராளம். உண்பவர்களிலும் எல்லோரும் தலித்துகள் அல்லர். பிடிக்காதவர் அந்தக் கடையைத் தாண்டிப் போகலாம். ஆனால், கடையே கூடாது என்று பொதுப் பணத்தில் நடக்கும் விழா முடிவெடுத்தால், அதை உண்பவர்களை இழிந்தவர்கள் என்று அரசே சொன்னதுபோல ஆகிவிடும். மாட்டிறைச்சி உண்பதற்கும் தீண்டாமை தோன்றியதற்கும் உள்ள தொடர்பை அம்பேத்கர் 1948-ல் வெளிவந்த 'தீண்டப்படாதார்' நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மாணவர்கள் படிக்க வேண்டிய நூல் அது.

மகாராஷ்டிரத்தில் சாஹு பட்டோலே, மராத்வாடா தலித் சமையலை முழுப் புத்தகமாகவே எழுதினார். 2015-ல் மராத்தியில் வந்த அந்த நூல் 2024-ல் ஆங்கிலத்துக்கும் போனது. எண்ணெயும் நெய்யும் வாங்க வழியில்லாத வீடுகள், கிடைத்ததை வைத்து எப்படி ருசியாகச் சமைத்தன என்பது அதில் பதிவாகியிருக்கிறது.

நம் பக்கத்துச் சமையலை யார் எழுதிவைத்திருக்கிறார்கள்? கறியை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்துக் காயவைக்கும் பக்குவமும், குடலைச் சுத்தம் செய்யும் முறையும், பஞ்சத்தில் கைகொடுத்த கீரைகளின் பெயர்களும் நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மிளகாயை அரைத்துப் போட்டுக் கொதிக்கும் குழம்புக்கு மட்டும் இன்னும் பெயர்ப்பலகை இல்லை.

மாணவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பாட்டியின் அடுப்படியில் போய் உட்காரலாம். சுய உதவிக் குழுப் பெண்கள், அடுத்த திருவிழா அறிவிப்பு வரும்போது ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மகளிர் திட்டத்தில், என்ன உணவு விற்கப்போகிறோம் என்பதையும் குறிப்பிட்டு எழுத்து மூலமாகக் கடை கேட்கலாம். யாரும் கேட்கவில்லை என்ற பதிலை அதற்குப் பிறகு எவராலும் சொல்ல முடியாது.