கூடு திரும்பும் குஞ்சு

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப் பாகூர்ப் பகுதி போற்றப்படுகிறது. அப்பகுதியைச் சேர்ந்த பனித்திட்டு போன்ற சிற்றூர்களில், அந்தி சாய்ந்ததும் ஆந்தையின் குரல் கேட்கும். அதனைத் தீக்குறி எனக் கருதுவோர் இன்றும் உளர். ஆயினும், நெற்பயிரை அழிக்கும் எலிகளை இரவில் வேட்டையாடும் ஆந்தை, உழவருக்குக் கூலி பெறாத காவலாளியாகும்.

புள்ளி ஆந்தையும் கூகையும் மரப்பொந்துகளிலும் பழங்கட்டடங்களின் இடுக்குகளிலும் வாழ்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரைகடந்த தானே புயல் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. முதிர்ந்த மரம் வீழ்ந்தால் நிழலோடு பொந்தும் மறைகிறது. இன்று நடும் கன்றில் பொந்து உண்டாகப் பல பத்தாண்டுகள் ஆகும். வாழிடம் அருகிவரும் நிலையில், தவறி விழும் குஞ்சு ஒவ்வொன்றும் காக்கப்பட வேண்டியதாகிறது.

முதல் முட்டையிட்டதும் ஆந்தை அடைகாக்கத் தொடங்குவதால், குஞ்சுகள் வெவ்வேறு நாள்களில் பொரிக்கின்றன. இரைக்காக மூத்தவை முந்தும்பொழுது இளையவை நெருக்குண்டு விழுவதுண்டு. பகலில் காக்கை கூகையை வெல்லும் என்பதை வள்ளுவர் 'காலமறிதல்' அதிகாரத்தில் சுட்டுகிறார். பகற்பொழுதில் தரையில் கிடக்கும் குஞ்சுக்குக் காக்கை, நாய், பூனை ஆகிய யாவும் பகையே.

விழுந்த குஞ்சு அனைத்தும் கைவிடப்பட்டவை அல்ல. இறகு முளைத்துக் கிளைக்குத் தாவும் பருவத்துக் குஞ்சு காயமின்றி இருப்பின், அதனை அருகிலுள்ள கிளையில் அமர்த்தினால் போதும். மென்தூவி மட்டும் உடைய குஞ்சைத் துணியால் மூடி எடுத்து, காற்றுத் துளைகள் இட்ட அட்டைப்பெட்டியில் இருளில் வைத்தல் வேண்டும். பாலோ சோறோ புகட்டுதல் தீங்கு பயக்கும்; நீரை வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுள் புகக்கூடும்.

பொந்து எட்டும் உயரத்தில் இருப்பின், பெரியோர் துணையுடன் குஞ்சை அங்கேயே விடலாம். எட்டாவிடில், வைக்கோல் பரப்பிய கூடையை அதே மரத்தில் உயரக் கட்டி, அதில் வைக்கலாம். மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் ஏற்காது என்பது தவறான நம்பிக்கை. அந்தியில் குஞ்சு எழுப்பும் பசிக்குரலைக் கேட்டுப் பெற்றோர் இரையுடன் வரும். தொலைவில் மறைந்திருந்து நோக்குதல் நலம். மறுநாள் காலைவரை அவை வாராவிடினும், குஞ்சு காயமுற்றிருப்பினும் வனத்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும்.

மாந்திரீகத்திற்காக ஆந்தைகள் இன்றும் பிடிக்கப்படுகின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றை வேட்டையாடுவதையும் விற்பதையும் தடைசெய்கிறது. ஆகவே, இரக்கத்தால் எடுத்த குஞ்சையும் வீட்டில் வளர்த்தல் முறையன்று. அதனை அதன் கூட்டிற்கே திருப்பி அளித்தலே மெய்யான அருளுடைமையாகும்.