உயர்மலை மூலிகையும் குளிரின் கொடையும்

நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கடுகுரோகிணி, இமயத்தில் ஏறத்தாழ 3,000 முதல் 5,000 மீட்டர் உயரத்தில் வளரும் சிறுசெடியின் வேர்த்தண்டு ஆகும். கல்லீரல் நோய்களுக்கு வழங்கப்படும் இம்மருந்தின் கசப்பு, பிக்ரோசைடு என்னும் சேர்மங்களால் உண்டாவது. அவை நமக்காகத் தோன்றியவை அல்ல. செடி தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியில் பிறந்தவை.

மலையில் 1,000 மீட்டர் ஏறுந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. புற ஊதாக் கதிரோ மிகுகிறது. விலங்கு இடம்பெயரலாம், செடிக்கு அவ்வழி இல்லை. ஆகவே அது வேதியியலைத் துணைகொள்கிறது. குளிரில் நொதிகளின் வேகம் தளர்கிறது. ஆனால் இலைமேல் விழும் ஒளி குறைவதில்லை. பயன்படாது எஞ்சும் ஒளியாற்றல், உயிரணுவைச் சிதைக்கும் ஆக்சிசன் வடிவங்களை உருவாக்குகிறது. அவற்றைத் தணிக்கவே பீனாலியப் பொருள்கள் பெருகுகின்றன.

இதற்குப் புற ஊதாக் கதிரே முதற்காரணம் என்று நாம் எண்ணக்கூடும். ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலையில் ஆர்னிகா என்னும் மூலிகையைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வுகள் அவ்வெண்ணத்தைத் திருத்தின. ஒரே வகைச் செடிகளை 590 முதல் 2,230 மீட்டர் வரை பல உயரங்களில் வளர்த்தபோது, உயரத்தோடு சில பீனாலியப் பொருள்கள் மிகுந்தன. பின்னர் வெப்பநிலையையும் கதிரையும் தனித்தனியே மாற்றிப் பார்த்தபோது, குளிரே முதன்மைக் காரணம் எனத் தெளிவாயிற்று. எனினும், ஆர்னிகாவின் அழற்சி தணிக்கும் லாக்டோன்கள் உயரத்தோடு மிகவில்லை. எனவே, உயர்மலையில் விளைந்ததெல்லாம் வீரியம் மிக்கது என்று பொதுவாகக் கூறுதல் பொருந்தாது; எச்செடி, எச்சேர்மம் என்று வினவுதலே முறை.

கடுகுரோகிணியிலும் குளிரின் பங்கு புலப்படுகிறது. 25 டிகிரியில் வளர்ந்தவற்றைவிட 15 டிகிரியில் வளர்ந்த செடிகளில் பிக்ரோசைடு மிகுந்திருந்தது. ஆதலால் விதையை மட்டும் சமவெளிக்குக் கொணர்ந்து அதே மருந்தைப் பெறலாம் என நாம் நம்புவதற்கில்லை. வேர்த்தண்டைத் தோண்டினால் செடியே அழிகிறது. மிகுதியாகத் தோண்டப்பட்டமையால், 1997இல் இதன் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டிற்குள் வந்தது. உலகம் வெப்பமடையும் இந்நாளில், செடியைக் காத்தால் மட்டும் போதாது; அதற்கு மருந்துக் குணம் ஈந்த குளிர்நிலத்தையும் காத்தல் வேண்டும். மூலிகையின் பெயரை அறிந்த நாம், அது பிறந்த மலையையும் அறிந்திருத்தல் கடமையாகும்.