தோட்டத்துத் தூதர்கள்

மலரின் அழகைப் புலவர் பாடினர்; நாமும் கண்டு மகிழ்கின்றோம். ஆயினும் அவ்வழகு நம்பொருட்டு எழுந்ததன்று. ஓரிடத்தே வேரூன்றி நிற்கும் செடி, தன் மகரந்தத்தைப் பிறிதொரு மலருக்கு விடுக்கத் தூதரை வேண்டி நிற்கின்றது. நிறமும் மணமும் அத்தூதர்க்கு விடுக்கும் அழைப்பு. தேன் அவர் பெறும் கூலி. இவ்வுண்மையை 1793-ஆம் ஆண்டில் ஸ்பிரெங்கல் என்னும் செருமானியர் விரிவாக எழுதி வெளியிட்டார்.

பெண்ணாடத்து வீடொன்றின் புழைக்கடைத் தோட்டத்தை எண்ணிப் பார்ப்போம். பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. அதன் மகரந்தம் பிசுபிசுப்புடையது. ஆதலின் காற்று அதனைச் சுமந்து செல்லாது. விடியலில் விரியும் பூ நண்பகலுக்குள் குவிந்துவிடும். அச்சில நாழிகைக்குள் தேனீ வாராதொழியின் பிஞ்சு வெம்பி உதிரும். கத்தரிப்பூவின் மகரந்தப்பைக்கு நுனியில் சிறு துளையே வாயில். மரத்தைத் துளைத்து வாழும் கருவண்டு அதனைப் பற்றிக்கொண்டு உடலை அதிர்விக்க, மகரந்தம் பொடியாய்ச் சொரியும். நம் தேனீக்கு இவ்வித்தை வராது. மாலையில் மலரும் புடலையின் வெண்பூவிற்கோ இரவில் திரியும் அந்துப்பூச்சிகளே உற்ற துணை.

இவருள் அழகால் முதன்மை பெறுவது வண்ணத்துப்பூச்சி. உழைப்பால் அது தேனீக்குப் பிற்பட்டதே. சுவையைக் காலால் அறியும் இயல்புடைய தாய்ப்பூச்சி, இலைமீது கால் பதித்துத் தன் குஞ்சுக்கேற்ற உணவு இதுவெனத் தெளிந்த பின்னரே முட்டையிடும். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் பிறக்கும் ஒருவகைப் புழு, இளமையில் பறவையின் எச்சம் போலத் தோன்றிப் பகையை ஏய்க்கும். வளர்ந்தபின் இலையோடு இலையாய்ப் பசுமை கொள்ளும். அப்புழுவை நசுக்கிவிட்டு வண்ணத்துப்பூச்சி வரவில்லையே என்று வருந்துதல் பொருந்துமோ?

இனி, விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள செம்மண் நிலங்களை நோக்குவோம். ஆங்குப் பலர்க்கு வாழ்வளிப்பது முந்திரி. அதன் பூங்கொத்தில் ஆண்பூக்களும் இருபாற்பூக்களும் கலந்துள்ளன. ஈயும் தேனீயும் பிற பூச்சிகளும் வந்து சென்றாலன்றிக் காய்ப்புச் செழிக்காது. அப்பருவத்திலேயே தேயிலைக்கொசு என்னும் பூச்சி தளிரையும் பூவையும் உறிஞ்சிக் கருகச் செய்கின்றது. உழவர் மருந்து தெளிக்கின்றனர். ஓராண்டு வருவாய் அழிவதைக் கண்டும் வாளாவிருத்தல் அவர்க்கு இயலுமோ? ஆனால் கெடுப்பதைக் கொல்லும் மருந்து கொடுப்பதையும் கொல்லும். தேனீ கூடடைந்தபின் மாலையில் தெளித்தலும், வேண்டிய அளவிற்கு மிகாது தெளித்தலும் இவ்விடர்ப்பாட்டைக் குறைக்கும் வழிகளாம்.

திருவரங்கத்தை அடுத்த மேலூரில் 2015-ஆம் ஆண்டில் அரசினர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா ஒன்றைத் திறந்தனர். 2019-இல் 'தமிழ் மறவன்' என்னும் இனம் நம் மாநிலத்து வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பெற்றது. இவை போற்றத்தக்கனவே. எனினும் தேன் தரும் பூச்செடியோடு புழு தின்னும் செடியும் ஒருங்கே அமைந்தாலன்றி எத்தோட்டமும் வண்ணத்துப்பூச்சிக்கு இல்லமாகாது. நம் வீட்டுக் கறிவேப்பிலையில் பத்து இலையைப் புழுவிற்கு விட்டுக்கொடுப்பதற்கு அரசாணை வேண்டுவதில்லை. அத்தூதர் வரவு நின்ற நாளில் நாம் இழப்பது அழகு மட்டுமன்று, அடுக்களைக்கு வரும் காயுமாம்.