பதிவேடும் பொதுப்புத்தியும்

சீர்மரபினர் பட்டியலில் எங்கள் ஊர்ப் பெயர் இரண்டு முறை வருகிறது: ஆத்தூர் கீழ்நாடு குறவர், ஆத்தூர் மேல்நாடு குறவர். சேலத்தின் பெயரிலும் இரண்டு: மேல்நாடு குறவர், உப்புக் குறவர். ஒரு காலத்தில் 'குற்றப் பரம்பரை' என்று அரசால் அறிவிக்கப்பட்டு, பின்பு அந்த அறிவிப்பிலிருந்து நீக்கப்பட்டவர்களுக்குத்தான் சீர்மரபினர் என்று பெயர்.

1871இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்தையும் பிடித்தது. ரேகை வை, ஸ்டேஷனில் ஆஜர் கொடு, ஊர் விட்டு ஊர் போனால் சொல்லிவிட்டுப் போ. மக்கள் வாயில் அது 'ரேகைச் சட்டம்'. ஒரு சமூகத்தைப் பட்டியலில் சேர்த்த அறிவிப்பு செல்லுமா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது என்பதும் அதிலேயே இருந்தது. குறவரில் ஒரு பகுதியினர் கடற்கரை உப்பை உள்நாட்டுக்குச் சுமந்துவந்து தானியத்துக்கு மாற்றியவர்கள். ரயிலும் உப்பின் மீதான அரசுக் கெடுபிடியும் அந்த வியாபாரத்தை முறித்ததை மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளிவந்த தன் நூலில் விளக்குகிறார். வியாபாரம் போனபின், ஊர் ஊராகப் போவதே குற்றத்தின் அடையாளமாகக் கட்டமைக்கப்பட்டது.

1922இல் வால்டர் லிப்மன் 'ஸ்டீரியோடைப்' என்ற சொல்லை அச்சுக்கூடத்திலிருந்து எடுத்தார். ஒருமுறை வார்த்த தகடு; எத்தனை பிரதி எடுத்தாலும் அதே முகம். சட்டென்று நினைவுக்கு வருவதை அடிக்கடி நடப்பதாக மனம் கணக்கிடுகிறது என்று 1973இல் ட்வெர்ஸ்கியும் கானமானும் காட்டினார்கள். சரி, அந்த உதாரணத்தை நம் நினைவில் கொண்டுவந்து போட்டது யார்?

ஒரு தெருவில் திருட்டு. போலீஸ் பதிவேட்டில் இருப்பவனைத் தேடும். தேடின இடத்தில்தானே ஆள் அகப்படும்? அடி தாங்காமல் ஒப்புக்கொள்வான். அது பதிவேட்டில் ஏறும். அடுத்த திருட்டுக்கு அதே பதிவேடு சாட்சி. தேடப்படாத தெருவின் திருடன் கணக்கிலேயே வருவதில்லை. பிறகு டீக்கடையில் உட்கார்ந்து, "எல்லாரையும் சொல்லல, ஆனா நெருப்பில்லாம புகையுமா?" என்கிறோம். பதிவேடு உற்பத்தி செய்ததை அனுபவம் என்று நம்புகிறது பொதுப்புத்தி.

சட்டம் 1947இல் சென்னையிலும் 1952இல் நாடு முழுவதும் ஒழிந்தது. 1993இல், முதனை கிராமத்துக் குறவர் ராசாக்கண்ணு திருட்டு விசாரணைக்கென்று கம்மாபுரம் போலீஸாரால் பிடிக்கப்பட்டுக் காவலில் இறந்தார். அவர் கதையிலிருந்து 2021இல் வந்த 'ஜெய் பீம்' படத்தில் அவர் இருளர். குற்றப் பட்டியலில் தவறாமல் இடம்பெற்ற பெயர், அனுதாபத்தின் பட்டியலில் விடுபட்டுப்போனது.

2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிக் கட்டத்தை நீக்கச் சொன்னது. கை வைக்க வேண்டிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன். "அவங்க நல்லவங்க" என்று வாதாடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. அதுவும் இன்னொரு தகடு. நாம் கேட்க வேண்டியது கணக்கு: எங்கே தேடினீர்கள், எங்கே தேடவே இல்லை?